நேற்றைய கூடை

கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பதுதான் இப்போது என் வேலை. உள்ளே பேச்சு முடிந்து கைதட்டியதும் இரண்டு கதவையும் விரியத் திறந்து கொக்கி மாட்டிவிட்டு டீ மேஜைக்கு ஓடவேண்டும், அதுவரைக்கும் ஒரு சத்தம் வரக்கூடாது, செருப்பை வெளியே விட்டுட்டு நில்லு என்று தணிகாசலம் சார் சொல்லிவிட்டார், அவர்தான் எங்கள் துப்புரவு காண்ட்ராக்ட்டுக்கு சூப்பர்வைசர், அதனால் வெறுங்காலோடு கடைசி வரிசைக்கும் பின்னால் சுவரோடு சுவராக நிற்கிறேன், ஏசிக் காற்று தரையோடு வந்து கணுக்காலைப் பிடிக்கிறது. மணி இரண்டு. மூன்று மணிக்கு முடியும் என்றார்கள். எத்தனையோ கூட்டத்துக்கு இப்படி நின்றிருக்கிறேன், ஆனால் அதெல்லாம் இங்கிலீஷ், காதில் மழை மாதிரி விழும், ஒன்றும் ஒட்டாது, நான் பாட்டுக்கு பாப்பா சாப்பிட்டிருப்பாளா, சாயந்தரம் என்ன குழம்பு என்று நினைத்துக்கொண்டு நிற்பேன். இன்றைக்குத் தமிழ். பொதுமக்களுக்கான பேச்சு, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யூனிபாரத்தில் வந்திருக்கிறார்கள், அவர்களுக்குப் புரியவேண்டுமென்று தமிழ். கதவோரம் நிற்கிறவளுக்கும் சேர்த்துப் புரிந்துவிடும் என்று யாருக்குத் தோன்றியிருக்கும். மேடையில் கதிரேசன் சார், வெளிநாட்டில் பெரிய இடத்தில் இருக்கிறார், ஒரு காலத்தில் இதே ஆராய்ச்சி நிலையத்தில் லலிதாம்பிகை மேடத்திடம் படித்தவராம். மேடம் முன்வரிசைக்கும் முன்னால் சக்கர நாற்காலியில். எனக்குப் பின்னந்தலை மட்டும்தான் தெரிகிறது. முடியை ஒட்ட வெட்டிவிட்டிருக்கிறார்கள், கழுத்து கோழிக்குஞ்சுக் கழுத்து மாதிரி இருக்கிறது, அது கொண்டை போட்டுப் பென்சில் செருகியிருந்த தலை. பார்த்து மூன்று வருஷம் ஆகிறது. காலையில் காரிலிருந்து இறக்கியபோது நான் தூணுக்குப் பின்னால் போய்விட்டேன். என்ன பயம், வாதம் வந்து வலது கையும் பேச்சும் போனவர், யாரிடம் போய் என்ன சொல்லிவிடப் போகிறார் என்று நினைத்தேன், நினைத்த உடனே என்மேலேயே அருவருப்பு வந்தது. போன வாரம் எங்களை எல்லாம் வரிசையாக நிற்கவைத்துத் தணிகாசலம் சார் கேட்டார், மேடம் ரூம்லேர்ந்து யாராவது பேப்பர் கீப்பர் எடுத்தீங்களாம்மா, எடுத்திருந்தா இப்பவே சொல்லிடுங்க, அப்புறம் போலீசு அது இதுன்னு வந்தா நான் பொறுப்பில்ல. ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை. அவர்கள் தேடுகிறதில் பதினோரு தாள் என் வீட்டில் தகரப் பெட்டிக்குள் இருக்கிறது. மற்றது இல்லை. மற்றது எங்கேயும் இல்லை.

ஒரு மூடின அறைன்னு வச்சுக்குங்க, என்கிறார் கதிரேசன் சார். இந்தக் கதவு வழியா ரெண்டு பேர் தலைதெறிக்க ஓடிப் போறாங்க, உள்ள முட்டிக்கறாங்க, அந்தக் கதவு வழியா மூணு பேர் வர்றாங்க. பிள்ளைகள் சிரிக்கிறார்கள். மூணாவது ஆள் எப்படி வந்தான், உள்ள என்னதான் நடந்துச்சு, யாருக்கும் தெரியாது, உள்ள போய்ப் பாக்கவும் வழியில்ல. அறுபது எழுபது வருஷத்துக்கு முன்னாடி இயற்பியல் அந்த நிலைமையிலதான் இருந்துச்சு, துகளையும் துகளையும் மோதவிட்டா நாளுக்கு ஒரு புதுத் துகள் வருது, எது எதுக்குள்ள இருக்கு, எது தாய் எது பிள்ளைன்னே புரியல. அப்ப கொஞ்சம் பேர் சொன்னாங்க, உள்ள பாக்கவே வேணாம்ப்பா. போனது என்ன, வந்தது என்ன, அது மட்டும் போதும். கூட ரெண்டு மூணு விதி. வர வழி எல்லாத்தையும் கூட்டினா நூத்துக்கு நூறுதான் இருக்கணும், ஒண்ணு கூடவும் கூடாது குறையவும் கூடாது. அடி விழுறதுக்கு முன்னாடி வலி வரக் கூடாது. இந்த விதிகளை விடாம இறுக்கிப் புடிச்சா உலகம் இப்படித்தான் இருக்க முடியும், வேற மாதிரி இருக்க முடியாதுன்னு அதுவா வந்து நிக்கும்னாங்க. அதுக்கு பூட்ஸ்ட்ராப்னு பேரு. ஷூவோட வாரைத் தானே புடிச்சுத் தன்னைத்தானே தூக்கிக்கறதுன்னு அர்த்தம். ஒரு பையன் எழுந்து, அப்படித் தூக்க முடியாதே சார் என்கிறான். முடியாதுன்னுதான் தம்பி எல்லாரும் சொன்னாங்க. மறுபடி சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. காலை ஏழு மணிக்கு கேட்டுக்குள்ளே போகிறேன், நாலரைக்கு வெளியே வருகிறேன், பையைத் திற என்கிறார் வாட்ச்மேன், டிபன் பாக்ஸ், தண்ணீர் பாட்டில், சீப்பு. போனதும் வந்ததும் சரியாக இருந்தால் போகச் சொல்லிவிடுவார். உள்ளே ஒன்பதரை மணி நேரம் எனக்கு என்ன நடந்தது என்று கேட்க மாட்டார், கேட்டாலும் எனக்குச் சொல்ல வராது. ஆறாம் வகுப்பில் டீச்சர் கேள்வி கேட்டால் விடை தெரிந்தும் நிற்பேன், ஊமைக்கோட்டான் என்பார், அதோடு பள்ளிக்கூடம் நின்றது. பெண் பார்க்க வந்தவர்கள் கேட்டதுக்கும் அம்மாதான் பதில் சொன்னாள். என் வீட்டுக்காரர் கல்யாணமான புதிதில் வாய்க்குள்ள கொழுக்கட்டையா வச்சிருக்கே என்று கேலி பண்ணினார், இப்போது அதையும் விட்டுவிட்டார். மேடம் ஒருத்தர்தான் நான் பேசாததை ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. ஒருவேளை கவனிக்கவே இல்லையோ என்னவோ.

மேடத்தின் அறை மாடியில் கடைசி அறை, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். ரிட்டயர் ஆகிப் பதினைந்து வருஷத்துக்கு மேலாகியும் பாவம் பார்த்து அந்தச் சின்ன அறையை விட்டுவைத்திருந்தார்கள். நான் சேர்ந்த முதல் நாளே கூடப் பெருக்குகிற எஸ்தர் அக்கா இங்கத்திய சட்டத்தைச் சொல்லிக்கொடுத்தாள். பலகையில கட்டம் போட்டு எழுதியிருந்தா அழிக்காதே, கட்டம் இல்லாததைத் துடை. மேஜை மேல இருக்கிறது டீக்கறை பட்ட காகிதமா இருந்தாலும் தொடாதே. கீழ விழுந்து கிடந்தா எடுத்து மேஜைல வை. கூடைக்குள்ள இருந்தாதான் அது குப்பை, இந்த ஆளுங்களுக்கு எது குப்பை எது தங்கம்னு அவங்க பெத்தவங்களுக்கே தெரியாதுடி. அந்தச் சட்டம் எல்லா அறைக்கும் செல்லும், மேடத்தின் அறைக்குச் செல்லாது. மேடம் ஒரு தாளில் கணக்கை எழுதுவார், அடிவரைக்கும் வருவார், கொஞ்ச நேரம் பார்ப்பார், கசக்காமல் மடிக்காமல் அப்படியே கூடையில் போட்டுவிட்டு அடுத்த தாள் எடுப்பார். எது சரி எது தப்பு என்றெல்லாம் இல்லை, முடிந்த தாள் எல்லாம் கூடைக்குத்தான் போகும். மறுநாள் காலை நான் பெருக்கும்போது கேட்பார், அம்சா, நேத்து கூடைல போட்டது இருக்கா? முதல் தடவை நான் கொட்டிவிட்டேன். சொல்லத் தெரியாமல் துடைப்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கொட்டிட்டியா, சரி போ, தலைக்குள்ள இருக்கு, மறுபடி போட்டுக்கறேன் என்றார், திட்டவில்லை, ஆனால் அந்த ஒரு தாளை மறுபடி போட அன்றைக்கு முழுக்க ஆனது, மத்தியானம் சாப்பாட்டுக்கும் எழுந்திருக்கவில்லை. அன்றையிலிருந்து கூடையை நான் குப்பை வண்டியில் கொட்டுவதில்லை. வீட்டிலிருந்து ஒரு அரிசிச் சாக்கு கொண்டுவந்து கதவுக்குப் பின்னால் வைத்தேன். இருக்கா என்பார், இருக்குங்க மேடம் என்பேன், சாக்கில் கைவிட்டு மேலாக எடுத்துக் கொடுப்பேன். இரண்டு வருஷத்தில் நான் அவரிடம் பேசியது அந்த இரண்டு சொல்தான். அவர் பேசுவார். பலகையைப் பார்த்துக்கொண்டு பேசுவார், எனக்கா பலகைக்கா தெரியாது. இந்த எல்லையைத் தாண்ட முடியாது அம்சா, ஏன் முடியாதுன்னு எனக்குத் தெரியறது, காட்டத்தான் தெரியலை.

இப்போது கதிரேசன் சார் குரலை இறக்குகிறார். அப்புறம் எழுபதுகள்ல ஒரு விஷயம் நடந்துச்சு. அறைக்கு உள்ளே பாக்க வழி கெடச்சிடுச்சு. துகளுக்குள்ள துகள் இருக்குன்னு காட்டிட்டாங்க, அதுக்குக் கணக்கும் வந்திடுச்சு, அழகான கணக்கு. அவ்வளவுதான். உள்ள பாக்க வேணாம்னு சொன்னவங்க முகத்துல யாரு முழிப்பா? நாலஞ்சு வருஷத்துல துறையே காலி. இதப் பண்றேன்னு சொன்னா வேலை கெடைக்காது, எழுதினா போட மாட்டாங்க, பூட்ஸ்ட்ராப்புங்கறதே ஒரு ஜோக் ஆயிடுச்சு. அப்ப இங்க இருபத்தெட்டு வயசுல ஒரு பொண்ணு அதைத்தான் பண்ணிட்டிருந்தாங்க. கையை முன்வரிசைப் பக்கம் நீட்டுகிறார். எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள். அந்தப் பின்னந்தலை அசையவில்லை. இருபத்தெட்டு. எனக்கு இருபத்தைந்து. அந்த வயதில் ஒருத்தி, மற்றவர்கள் எல்லாம் எழுந்து போன அறையில், கூடவே போனால் ஒரு கெட்ட பேரும் வராது என்று தெரிந்தும் உட்கார்ந்தே இருந்திருக்கிறாள். பிடிவாதமா, இல்லை என்னை மாதிரி எழுந்து போகிறேன் என்று சொல்லக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டாளா. வராந்தாவில் நான் துடைத்துக்கொண்டிருப்பேன், இரண்டு சார்கள் பேசிக்கொண்டு போவார்கள், அந்தம்மா இன்னும் அதையேவா பண்ணிட்டிருக்காங்க, அட விடுப்பா, பேட்டரி போட்ட பொம்மை, தானா நிக்கற வரைக்கும் ஆடும். மேடத்துக்குக் காது நன்றாகக் கேட்கும். சிரிப்பார். ஒரே ஒரு தடவைதான் கோபப்பட்டார் என்று கேள்வி, அதுவும் எனக்காக. பாப்பாவுக்கு அப்போது எட்டு மாசம், பார்த்துக்கொள்ள ஆளில்லை, வேலையை விட வேண்டியதுதான் என்று எஸ்தர் அக்காவிடம் அழுதுகொண்டிருந்தது எப்படியோ தெரிந்து, இங்கே இருக்கிற குழந்தைகள் காப்பகத்தில் காண்ட்ராக்ட் ஆட்களின் பிள்ளைகளைச் சேர்க்க மாட்டார்கள் என்றதும், ஆபீசுக்கு நேராகப் போய் நின்று, என் ரூமை வேணா எடுத்துக்கோங்கோ, அந்தக் குழந்தைக்கு இடம் குடுங்கோ என்று கத்தியிருக்கிறார். இடம் கிடைத்தது. எஸ்தர் அக்கா வந்து சொன்னாள், உம் புள்ளைக்கு ஜாக்பாட்டுடி, டாக்டருங்க புள்ளைங்களோட பாலும் முட்டையும் சாப்பிடப் போகுது, நாளைக்கு என்னைப் பாத்து யார் நீன்னு இங்கிலீஷ்ல கேக்கும் பாரு. நான் மேடத்துக்கு நன்றி சொல்லப் போனேன். போய் நின்றேன். என்ன அம்சா என்றார். இருக்குங்க மேடம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

அந்த வருஷம் ஆவணி மாசம் மேடம் அறையிலேயே விழுந்தார், நான் போனபோது ஸ்ட்ரெச்சரில் கொண்டுபோயிருந்தார்கள், சாக்கு மட்டும் கதவுக்குப் பின்னால் அப்படியே இருந்தது, கழுத்து வரைக்கும் தாள். மூன்று வாரம் கழித்து அறையைக் காலி பண்ணச் சொன்னார்கள். புத்தகம் நூலகத்துக்கு, ஃபைல் எல்லாம் ஸ்டோருக்கு, மிச்சம் குப்பைக்கு. காகிதக் குப்பையை அப்போது ஒரு வண்டி வந்து எடுத்துக்கொண்டுபோய்த் தூளாக்கும், ஒரு துண்டு வெளியே போகக்கூடாது. அதற்கு முந்தின மாசம்தான் எஸ்தர் அக்கா பிள்ளை எழுதிப் பழகட்டும் என்று ஒருபக்கத் தாள் ஒரு கட்டு எடுத்துப்போய் கேட்டில் மாட்டிக்கொண்டாள், பதினோரு வருஷ சர்வீஸ், அன்றைக்கே கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள், போகும்போது கேட்டில் நின்று வாட்ச்மேனைப் பார்த்து, எழுத்து இருக்கிற பக்கத்தை நீயே வச்சுக்கய்யா, எனக்கு வெறும் பக்கம்தான்யா வேணும் என்று கத்தினாள், எல்லோரும் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள், அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். அதைப் பார்த்தவள்தான் நான். இருந்தும் எடுத்தேன். திருட வேண்டுமென்று எடுக்கவில்லை. மேடம் திரும்பி வருவார், வந்ததும் இருக்கா என்பார், என்ன சொல்வேன், வண்டியில் போய்விட்டது என்றா? பாப்பாவின் பையை வாட்ச்மேன் திறக்க மாட்டார், ஈரத் துணி இருக்கும், நாற்றம். துணிக்கு அடியில் தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்துப் பன்னிரண்டு நாளில் சாக்கு முழுவதையும் வீட்டுக்குக் கொண்டுபோனேன். என்னாடி இது, குப்பை பொறுக்கறவ வூடு மாதிரி என்றார் வீட்டுக்காரர். மேடத்தோடது என்றேன். கட்டில் அடியில் வைத்தேன். மேடம் வரவில்லை. கார்த்திகையில் மழை வந்தது, பெருங்குடியில் எங்கள் தெருவுக்குள் முழங்கால் தண்ணீர், நாங்கள் பாப்பாவையும் அரிசியையும் தூக்கினோம், தாளை யார் தூக்குவார்கள். அடிப்பாதி கூழாகிவிட்டது. மேல்பாதியைக் கயிற்றில் போட்டுக் காயவைத்தேன், துணி மாதிரி, இரண்டு நாள் வீடு முழுக்க மேடத்தின் கையெழுத்து தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் பாப்பாவுக்குக் காய்ச்சல், சிலிண்டர் காலி, ஊரே தண்ணீரில் நிற்கும்போது சிலிண்டர் எங்கே வரும், வெந்நீர் வைக்க வேண்டும், கொல்லைப்புறத்தில் மூன்று கல் வைத்தேன், விறகு எல்லாம் ஊறிக் கிடந்தது, பிடிக்கவில்லை. தாள் காய்ந்து மொறமொறவென்று இருந்தது. நான்தான் எடுத்தேன். வீட்டுக்காரர் எடுத்தார் என்று மூன்று வருஷமாக எனக்குள்ளே சொல்லிப் பார்க்கிறேன், இல்லை, நான்தான். ஒவ்வொன்றாகத்தான் வைத்தேன், முதல் தாளை வைக்கும்போது கை நடுங்கியது, பத்தாவது தாளில் நடுங்கவில்லை. அதுதான் இப்போதும் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது, பத்தாவதில் நடுங்கவில்லை. குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கியது. மிச்சம் கொஞ்சம் இருந்தது பலகாரத்துக்கு அடியில், அலமாரித் தட்டில், அப்படி இப்படி என்று போய்விட்டது. பதினொன்று மட்டும் நின்றது, ஏனென்றால் அதன் பின்பக்கத்தில் பாப்பா கிறுக்கியிருந்தாள், முதன்முதலாக வட்டம் போட்டு இரண்டு புள்ளி வைத்து அம்மா என்றாள், அதை எறிய மனசு வரவில்லை.

திரையில் ஏதோ வண்ணப்படம், நடுவில் ஒரு தீவு மாதிரி, சுற்றிலும் கறுப்பு. இப்பத்தான் சார் கதையே ஆரம்பிக்குது என்கிறார் கதிரேசன் சார், சந்தோஷமாக இருக்கிறார், கையை ஆட்டுகிறார். போன பதினஞ்சு இருபது வருஷமா என்ன ஆச்சுன்னா, உள்ள பாக்கற கணக்கு சில எடத்துல கைவிரிச்சிடுச்சு. எடுபடல. அப்பத்தான் சின்னப் பசங்க கொஞ்சம் பேரு பழைய பரணைக் கிளறினாங்க. அந்தக் காலத்துல கையால போட முடியாத கணக்கை இப்ப கம்ப்யூட்டர் போடுது. விதிகளை மட்டும் குடுத்தா, இந்தக் கறுப்பு எடம் பூராவும் நடக்காது, இந்தச் சின்னத் தீவுக்குள்ளதான் உலகம் இருக்க முடியும்னு அது வரைஞ்சே காட்டிடுது. செத்துப்போச்சுன்னு பால் ஊத்தின துறை எழுந்து உக்காந்திடுச்சு. இன்னைக்கு ஆயிரம் பேர் இதுல இருக்கோம். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள், அவர் கையைக் காட்டி நிறுத்துகிறார். ஆனா ஒண்ணு. அந்தத் தீவோட கரை ஏன் அங்க இருக்குன்னு கம்ப்யூட்டர் சொல்லாது. காட்டும், சொல்லாது. மேடம் எனக்கு போன் பண்ணினாங்க, மூணு வருஷம் முன்னாடி, ஆகஸ்ட் மாசம், கதிரேசா, முடிஞ்சுடுத்து, ஏன்னு காட்டிட்டேன், சுத்தமா எழுதி அனுப்பறேன்னாங்க. எட்டாம் நாள் விழுந்துட்டாங்க. ஃபைல்ல இல்ல, கம்ப்யூட்டர்ல இல்ல, எங்கயும் இல்ல. நாங்க மூணு வருஷமா முட்டிப் பாக்கறோம், வரல. வேற ரெண்டு ஊர்ல நெருங்கிட்டாங்கன்னு கேள்வி. அவங்க முதல்ல போட்டா அது அவங்க பேர்ல நிக்கும், அது நியாயம்தான், ஆனா இந்தம்மா அம்பது வருஷம் உக்காந்த எடம் அது. அவங்க கைப்பட எழுதின பத்துத் தாள் இருந்தாக்கூட அவங்க பேரு நிக்கும். யாருக்காவது ஏதாவது தெரிஞ்சா. அவ்வளவு சொல்லிவிட்டு நிறுத்துகிறார், தண்ணீர் குடிக்கிறார். பத்துத் தாள். என்னிடம் பதினொன்று. எண்ணித்தான் சொன்னாரா. கால் மரத்துவிட்டது. சொன்னால் என்ன ஆகும், இன்றைக்கே அடையாள அட்டையைப் பிடுங்குவார்கள், எஸ்தர் அக்காவுக்குப் பதினோரு வருஷம், எனக்கு ஐந்துதான், பாப்பாவைக் காப்பகத்திலிருந்து கூட்டிக்கொண்டு போ என்பார்கள், அவள் இப்போதுதான் சாப்பிடும் முன் கை கழுவப் பழகியிருக்கிறாள், ரிதன்யா என் ஃப்ரெண்டு என்கிறாள், ரிதன்யா ஒரு டாக்டர் சார் மகள், நாளைக்கு ஏம்மா போகல என்று கேட்பாள். சொல்லாவிட்டால் என்ன ஆகும், ஒன்றும் ஆகாது, யாருக்கும் தெரியாது, நான் கதவைத் திறப்பேன், டீ ஊற்றுவேன். வீட்டுக்குப் போய் அதையும் எரித்துவிட்டால் முற்றிலும் தீர்ந்தது, தாளும் இல்லை பயமும் இல்லை. இல்லை, தபாலில் போட்டுவிடலாம், பேர் எழுதாமல், ஆனால் என் பெண் வரைந்த அம்மாவை யாரென்று கேட்டுக்கொண்டு வந்துவிடுவார்களோ. வெட்டி ஒட்டலாமா. பைத்தியம். அந்தப் பதினொன்றும் உதவாத தாளாக இருந்தால்? ஒன்றுக்கும் ஆகாததுக்காக வேலையை விட்டவள் என்று ஆகிவிடும். உதவுகிற தாளாக இருந்தால் அதைவிட மோசம், அப்படியானால் அடுப்பில் வைத்ததும் உதவுகிற தாள்தானே.

கைதட்டல். எப்போது முடித்தார், நான் கேட்கவில்லை. கதவை விரியத் திறந்து கொக்கி மாட்டினேன், வெயில் வந்து விழுந்தது, டீ மேஜைக்கு ஓடினேன், காகிதக் கப்பில் ஊற்ற ஊற்ற எடுத்துக்கொண்டு போனார்கள், பிள்ளைகளுக்குக் கேசரி. மேடத்தை நிழலில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு அவர் தங்கச்சி மகள் போனில் பேசிக்கொண்டு தள்ளிப் போய்விட்டாள். யாரும் மேடத்திடம் போகவில்லை, பேசாதவரிடம் என்ன பேசுவது என்று ஆளாளுக்குக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார்கள். ஏய் அம்சா, அந்தம்மாக்கு ஸ்பூன்ல குடு, மேல சிந்திடாதே என்றார் தணிகாசலம் சார். போனேன். முட்டி போட்டு உட்கார்ந்தேன். வாய் ஒருபக்கம் கோணியிருந்தது, கண் கோணவில்லை, அதே கண். முதல் ஸ்பூன் உள்ளே போனது, இரண்டாவது பாதி வெளியே வந்தது, முந்தானையால் துடைத்தேன். என்னைத் தெரிகிறதா தெரியவில்லையா, சொல்ல முடியவில்லை. வேப்பமரத்தைப் பார்க்கிற மாதிரிதான் என்னையும் பார்த்தார். தெரியாமல் இருந்தால் நல்லது என்று ஒரு நிமிஷம் நிம்மதியாகக்கூட இருந்தது, மூன்றாவது ஸ்பூனை எடுத்தேன், அப்போது உதட்டை மூடிக்கொண்டார், வேண்டாம் என்றில்லை, வேறு எதற்கோ காத்திருக்கிற மாதிரி மூடிக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். எனக்கு வேறென்ன தெரியும். இருக்குங்க மேடம் என்றேன், அவர் காதுக்கு மட்டும். எல்லாம் இல்லீங்க மேடம், கொஞ்சம் இருக்கு.

அப்புறம் அந்தச் சத்தம். அடிவயிற்றிலிருந்து, ஆடு மாடு போடுகிற சத்தம் மாதிரி, எழுத்தே இல்லாத அழுகை, இடது கை நாற்காலியை அடி அடியென்று அடிக்கிறது, டீ என் மடியில் கொட்டிவிட்டது. கூட்டம் திரும்பியது. தங்கச்சி மகள் ஓடி வந்தாள், சூடா குடுத்திட்டியா, அறிவு இருக்கா உனக்கு? தணிகாசலம் சார் என் தோளைப் பிடித்து இழுத்தார், என்னடி பண்ணினே, எழுந்திரு, எழுந்திரு. கதிரேசன் சார் வந்து மேடத்தின் முன்னால் உட்கார்ந்து, என்ன மேடம், என்ன என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். என்னம்மா சொன்னீங்க அவங்ககிட்ட? எத்தனை முகம். ஒண்ணும் சொல்லல சார் என்று ஒரு வார்த்தை, அவ்வளவு போதும், எல்லோரும் போய்விடுவார்கள். மேடம் கத்திக்கொண்டே இருந்தார், அவருக்குச் சொல்ல வராது, எனக்கு வரும், வந்தும் சொல்லாமல் நிற்கிறேன். தாள் எங்கிட்டதான் சார் இருக்கு என்றேன். என் குரல் மாதிரியே இல்லை. கூடையில போட்டது. நான்தான் எடுத்துட்டுப் போனேன். தணிகாசலம் சார் கையை நீட்டினார், அட்டையைக் கழட்டிக் குடு. கழுத்திலிருந்து கழட்டிக் கொடுத்தேன், முடியில் சிக்கிக்கொண்டது, பிய்த்து எடுத்தேன். கதிரேசன் சார் அவரைத் தள்ளாத குறையாக நகர்த்திவிட்டு, எத்தனைம்மா என்றார். பதினொண்ணு சார். மொத்தமே பதினொண்ணுதானா? ஒரு சாக்கு இருந்துச்சு சார், மழையில போச்சு, மிச்சத்தை நான் வெந்நீருக்கு எரிச்சிட்டேன் சார். அவர் முகம் எப்படி ஆனது என்று நான் பார்க்கவில்லை, அவர் சட்டைப் பித்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் மெதுவாகக் கேட்டார், மேல் மூலையில நம்பர் போடுவாங்க மேடம், ஞாபகம் இருக்கா? இருக்கு. பாப்பா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து மனப்பாடம். நாலு சார். பதினேழு. பதினெட்டு. முப்பத்தொண்ணு. அவர் டிஷ்யூ பேப்பர் ஒன்றில் எழுதினார், பேனா அதைக் கிழித்தது, உள்ளங்கையில் எழுதினார். மேடத்தின் சத்தம் குறைந்தது. அறுபது, அறுபத்தி ரெண்டு, எண்பத்தஞ்சு. சத்தம் நின்றே விட்டது, ஒவ்வொரு எண்ணுக்கும் கண்ணை மூடி மூடித் திறந்தார். நூத்தி ஒம்பது, நூத்திப் பத்து, நூத்தி நாப்பது, நூத்தி நாப்பத்தி மூணு. அவ்வளவுதான் சார். நூத்தி நாப்பத்தி நாலு? என்றார். இல்ல சார். நாப்பத்தி அஞ்சு? இல்ல சார். நாப்பத்தி ஆறு? இல்ல சார். கேட்டுக்கொண்டே போனார், நூற்றி ஐம்பது, நூற்றி ஐம்பத்தொன்று, விட்டுவிடாமல் கேட்டால் எங்காவது ஒன்று இருந்துவிடும் என்கிற மாதிரி, பேனா உள்ளங்கையில் காத்துக்கொண்டே இருந்தது, நான் ஒவ்வொன்றுக்கும் இல்ல சார் இல்ல சார் என்றேன், நூற்றி ஐம்பத்தெட்டில் மேடத்தின் இடது கை எழுந்து வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்து, போதும் என்று சொல்வதுபோல ஒரு இழுப்பு இழுத்தது. அவர் நிறுத்தினார். அடுத்த இல்ல சார் என் வாயிலேயே நின்றது.